பென்சில் ஏன் உருண்டது?

"எத்தனை முறை வெளியே நிறுத்தினாலும் இவன் திருந்தவில்லை" என்று எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை என்னிடம் அனுப்பினார் அவனது ஆசிரியை. பள்ளி ஆலோசகர் என்ற முறையில் மூன்று நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சேட்டை தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். கணக்கு வகுப்பில் அவன் அமைதியாக இருந்தான். ஓவிய வகுப்பிலும் அப்படித்தான். வாய்விட்டுப் படிக்கும் முறை தன்னை நெருங்கும்போது மட்டும் அவன் பென்சில் உருண்டது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டு பறந்தது. அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. வெளியே நிற்பதைத்தான் அவன் வேண்டிக்கொண்டிருந்தான், நாமும் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கணக்கில் தப்பு செய்யும் குழந்தைக்கு மறுபடி சொல்லித்தருகிறோம். நடத்தையில் தப்பு செய்தால் மட்டும் தண்டிக்கிறோம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. "ஒழுங்காக இரு" என்றால் கையை, வாயை, பயத்தை என்ன செய்வது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?

அவனுக்கு ஒரு சிவப்பு அட்டை கொடுத்தோம். படிக்கக் கடினமாக இருந்தால் அதை மேசை ஓரத்தில் வைக்க வேண்டும். ஆசிரியை அருகில் வந்து முதல் வரியைச் சேர்ந்து படிப்பார். வகுப்பு முடிந்த பிறகு இதைப் பலமுறை ஒத்திகை பார்த்தோம். வாசிப்புப் பயிற்சியும் தனியாக நடந்தது.

முதல் வாரம் சேட்டை அதிகமானது. பழைய வழி பலிக்காதபோது குழந்தைகள் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பதுண்டு. இந்தக் கட்டத்தில்தான் பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

1968-இல் மேட்சன், பெக்கர், தாமஸ் ஆகியோர் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில், விதிகளைச் சொன்னதால் மட்டும் பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் வரவில்லை. சிறு சேட்டைகளைப் பொருட்படுத்தாமல், நல்ல நடத்தையை உடனுக்குடன் பாராட்டியபோதுதான் மாற்றம் தெரிந்தது. பாராட்டிலும் "சமத்து" என்பது போதாது. "கோபம் வந்தும் கையை ஓங்காமல் என்னிடம் வந்து சொன்னாய்" என்றால், நாளைக்கும் எதைச் செய்ய வேண்டும் என்று குழந்தைக்குப் புரியும். வகுப்பின் முன் பாராட்டினால் கூனிக்குறுகும் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் காதோடு சொல்லுங்கள்.

அந்தச் சிறுவன் சில நாள்களில் இப்போதும் அட்டையை வைக்கிறான். ஆசிரியை போய் அருகில் உட்காருகிறார். முதல் வரிக்குப் பிறகு பெரும்பாலும் அவனே படித்துவிடுகிறான்.