போட்டோவில் இருப்பவரின் தோள் உங்களுக்கு இல்லை, தம்பி

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் கடையில் கோட் வேலையும் கூடிவிடும். வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவில் வரும் காலம், கலியாணங்களும் அந்த நேரத்தில்தான். வருகிற தம்பிமார் கதிரையில் இருக்க முதலே போனை நீட்டுவார்கள். "அண்ணன், இதே மாதிரி வேணும்." படத்தில் ஆறடியில் வயிறே இல்லாத ஒருவர் நிற்பார். என் முன்னால் நிற்பவருக்கு ஐந்தடி ஐந்து அங்குலம், நெஞ்சு 38, வயிறு 37. "மனே, கோட்டைத் தைக்கலாம், அவர்ட தோளை நான் எங்க போய் வாங்குற?" என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அதையேதான் கேட்பார்கள்.

மட்டக்களப்பில் 22 வருடமாகக் கத்தரிக்கோல் பிடிக்கிறேன். ஸ்டைல் என்று நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி அளவில்தான் இருக்கிறது, அந்த அளவிலும் தோள்தான் முதல். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் கையின் மேற்பகுதியில் ஒரு பள்ளம் விழும், அப்பாவின் கோட்டை எடுத்து மாட்டியது போல. உள்ளே வந்தால் கை முட்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், லோங்ஸ் இடுப்பை உள்ளே துணி விட்டிருந்தால் ஓர் அங்குலம் கூட்டவும் செய்யலாம். தோளை மாற்றுவதென்றால் கையைக் கழற்றி, கொலரைக் கழற்றி, கோட்டைப் பாதிப் பிணமாக்கித்தான் செய்ய வேண்டும், அதற்கும் பலன் சொல்ல முடியாது. ஆகவே ரெடிமேட் வாங்கப் போகிறவர்களும் முதலில் தோளைப் பாருங்கள், மற்றதை எங்களிடம் கொண்டுவரலாம்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அளவு அனுப்பினார், கூட்டாளி ஒருவர் எடுத்துக் கொடுத்தாராம். நானும் நம்பி வெட்டினேன். அங்கே குளிர், அவர் தடித்த சுவெட்டருக்கு மேலால் அளவு எடுத்திருக்கிறார் என்பது கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கோட்டைப் போட்டுப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. தோள் ஒன்றரை அங்குலம் வெளியே. இடுப்பை எல்லாம் பிடித்துப் பார்த்தேன், தோள் தோளாகவே நின்றது. அந்த ஆல்பத்தைக் காட்ட வந்தால் இன்றைக்கும் எனக்கு வேறு வேலை வந்துவிடும். அதற்குப் பிறகு அனுப்பும் அளவுக்கு நான் வெட்டுவதில்லை. உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய கோட்டை வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது இறங்கிய அன்றே கடைக்கு வாருங்கள், உறவுக்காரர் வீட்டு விருந்தெல்லாம் பிறகு.

உடம்பு எல்லாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. வலக்கைக்காரர்களில் பலருக்கு வலத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். மகளின் சர்ச் கலியாணத்துக்குக் கோட் தைக்க வந்த ஒரு மீனவ ஐயாவுக்கு, வருடக்கணக்கில் வலை வீசிய தோள், அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். அவருக்கு இது வெட்கமாக இருந்தது. இறங்கிய பக்கத்தில் கொஞ்சம் பேடிங் கூட வைத்தேன், முழுவதும் சமப்படுத்தவில்லை, சமப்படுத்தினால் பொம்மை மாதிரி ஆகிவிடும். கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொலரை மட்டும் தடவிக்கொண்டு நின்றார். என் தொழிலில் எனக்குப் பிடித்த நேரம் இதுதான்.

இப்போது எல்லாரும் கேட்கும் ஒட்டிய மாதிரி கோட்டைப் பற்றி. பொத்தானைப் பூட்டினால் நடுவில் பெருக்கல் அடையாளம் போல மடிப்பு விழுகிறதா, அது சிறியது, அவ்வளவுதான். பின்னால் கொலருக்கும் சட்டைக்கும் இடையில் வெளி தெரிந்தாலும் பிழை. சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். கீழ்ப் பொத்தானைப் பூட்டவே வேண்டாம், இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்ட் வயிறு பெருத்துப் பூட்டாமல் விட்டார், அவரைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, இன்றைய கோட்டுகளை அந்தப் பொத்தான் திறந்திருக்கும் கணக்கில்தான் வெட்டுகிறோம்.

துணிக்கு வந்தால், எங்கள் வெக்கையை மறந்துவிட்டுத் தெரிவு செய்பவர்கள்தான் அதிகம். தனிப் பொலியெஸ்டர் கோட்டுக்குள் ரிசெப்ஷன் ஹோலில் இரண்டு மணித்தியாலம் நின்று பாருங்கள். காசு இருந்தால் மெல்லிய கம்பளித் துணி எடுங்கள், கம்பளி என்றதும் பயப்பட வேண்டாம், மெல்லியதாக நெய்தால் காற்றோடும். லினன் குளிர்ச்சி, ஆனால் கதிரையில் இருந்து எழும்பும்போதே கசங்கும், அதை ரசிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது. உள் லைனிங்கை முதுகில் பாதியோடு நிறுத்தச் சொன்னாலே பாதி வெக்கை குறையும். அப்புறம், மலிவான கோட்டுகளில் முன்பக்கத்துக்குள் விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸ் துணியைத் தைக்காமல் சூடேற்றி ஒட்டியிருப்பார்கள். வீட்டில் தண்ணீரில் போட்டாலோ கண்டபடி அயர்ன் பண்ணினாலோ நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அதற்கு மருந்தில்லை.

நிறம்? ஐந்து பேர் வந்தால் நான்கு பேர் கறுப்பு. எனக்குக் கடும் நீலமும் கடும் சாம்பலும்தான் பிடிக்கும், பிறகு வேலைக்கும் போடலாம். அம்மாமார் மணப்பெண்ணின் சேலைத் துண்டைக் கொண்டுவந்து இதே நிறத்தில் கோட் என்பார்கள். வேண்டாம் அம்மா, டையில் வைப்போம்.

உங்கள் சொந்த விருப்பத்தைக் காட்ட இடமில்லையா என்றால், நிறைய இருக்கிறது. போன வருடம் ஒரு தம்பி, அம்மம்மாவின் பழைய மருதமுனைக் கைத்தறிச் சேலையோடு வந்தார், லைனிங்காக வேண்டுமாம். பருத்தி கைக்குள் வழுக்காது, சட்டையைப் பிடித்து இழுக்கும். ஆகவே உடம்புப் பகுதிக்கு மட்டும் சேலை, கைகளுக்கு வழமையான லைனிங் என்று தைத்தோம். பொத்தானைத் திறந்தால்தான் அந்தச் சிவப்புக் கரை தெரியும். படம் காட்டியவர்களில் ஒருவருக்கும் இப்படி ஒன்று தோன்றியதில்லை.

கோட்டைக் கொண்டுபோனதும் பின்வெட்டில் குறுக்காகப் போட்டிருக்கும் நூலை வெட்டிவிடுங்கள். ரெடிமேட் என்றால் கையில் தைத்திருக்கும் கம்பெனித் துண்டையும். அதோடு போன மாப்பிள்ளைகளை மேடையிலேயே கண்டிருக்கிறேன். மாரி மழைக் காலத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும், பழைய பருத்தித் துணியால் மூடினால் போதும்.

ட்ரயலுக்கு வரும்போது அன்றைக்குப் போடப்போகும் சப்பாத்தோடு வாருங்கள். செருப்போடு நின்றால் லோங்ஸ் நீளம் எனக்குப் பிழைக்கும். சப்பாத்து இன்னும் வாங்கவில்லை என்றால் பரவாயில்லை, கீழ் மடிப்பைத் தைக்காமல் வைத்திருக்கிறேன்.