குழந்தையின் கண்ணில் வைரஸ்: துடைத்தால் தீர்வதும் தீராததும்

ஆறு மாதக் குழந்தை தூங்கி எழும்போது இமைகள் ஒட்டியிருக்கின்றன. பிரித்தால் வெண்விழி சிவந்து தண்ணீராக வடிகிறது. வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்திருந்தால், அநேகமாக அதைக் கொண்டுவரும் அடினோ வைரஸ்தான் இங்கேயும். அந்த வைரஸைக் கொல்லும் சொட்டு மருந்து நடைமுறையில் இல்லை. ஆன்டிபயாடிக் சொட்டுக்கும் வைரஸ் சாகாது. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பே அதை விரட்டிவிடும்.

அதுவரை பீளையைச் சுத்தமாக எடுப்பதுதான் வேலை. கொதிக்கவைத்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூடிய இமைமேல் அரை நிமிடம் வையுங்கள். காய்ந்த பீளை ஊறிவிடும். மூக்கோரத்திலிருந்து காதுப்பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் புதியது. நல்ல கண்ணை முதலில் துடைக்க வேண்டும். தாய்ப்பால் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வைரஸுக்கு அது மருந்தாகாது.

சானிடைசரை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொரோனா வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. ஆல்கஹால் அதைக் கிழித்துவிடும். அடினோ வைரஸுக்கு அந்த உறையே இல்லை. கையிலிருந்து அதைக் கழுவி இறக்க சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். துண்டிலும் தலையணை உறையிலும் அது நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

கீழிமையின் உட்புறத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருந்தால் கை வைக்காதீர்கள். உரித்தால் ரத்தம் கசியும். அதைக் கண் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தை என்றால் கதையே வேறு. அந்த வயதில் கண் சிவந்து பீளை கட்டினால் அன்றைக்கே மருத்துவமனை. பாக்டீரியாவாகவும் இருக்கலாம், பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிய ஹெர்பிஸ் என்ற வைரஸாகவும் இருக்கலாம். இமையோரத்தில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் தெரிந்தால் ஹெர்பிஸ் என்ற சந்தேகம் வலுக்கும். கொப்புளமே இல்லாமலும் வரும். ஃப்ளோரசீன் சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தால், கருவிழிப் புண் கிளைவிட்ட பச்சைக் கோடாக மின்னும். வீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு சொட்டை இந்தக் கண்ணில் விட்டால் அந்தக் கோடு அகன்று பெரும்புண்ணாகிவிடும்.

கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டால் இங்கே போதாது, வைரஸ் மூளைக்கும் கல்லீரலுக்கும் போகக்கூடும். அதனால் முதுகுத்தண்டு நீரும் பரிசோதிக்கப்படும். ஹெர்பிஸை அடக்கும் அசைக்ளோவிர் ஊசி, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. மூன்று கிலோ குழந்தைக்கு வேளைக்கு 60 மில்லிகிராம். கண், தோல், வாயோடு நின்றால் 14 நாள்; மூளையையோ உள்ளுறுப்புகளையோ தொட்டிருந்தால் குறைந்தது 21 நாள். ஒவ்வொரு வேளையும் ஒரு மணிநேரம் ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றுவார்கள். வேகமாக ஏறினால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். அதன்பின் ஆறு மாதம் வாய்வழி மருந்து. வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் உண்டு.