விஷ கேஸ் வந்தால் டாக்டருக்குச் சட்டம் வைக்கும் கடமைகள் என்ன?

தனியாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களில் சிலர், விஷம் குடித்தவரைக் கண்டதுமே "இது போலீஸ் கேஸ், ஜிஎச்சுக்குக் கொண்டு போங்க" என்று வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பயம் புரிகிறது, ஆனால் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, போலீஸ் நடைமுறை எதுவும் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்ற பேதமும் இதில் கிடையாது. உங்களிடம் வசதி இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஆனால் முடிந்த முதலுதவியைச் செய்து, செய்ததை நேரத்தோடு எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். நினைவில்லாமல் வந்தவருக்குச் சம்மதம் தர ஆளில்லை என்று தயங்கவும் வேண்டாம். அவசரத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சைக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ம் பிரிவு பாதுகாப்பு தருகிறது.

சரி, போலீசுக்கு எப்போது சொல்ல வேண்டும்? இங்கேதான் குழப்பம் அதிகம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ம் பிரிவாகிவிட்டது. கொலை போன்ற சில குற்றங்கள் பற்றித் தெரிந்தவர் எவரானாலும் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள் என்று உறுதியானால் தனியார் டாக்டரும் சொல்லியே ஆக வேண்டும். வேண்டுமென்றே மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. தற்கொலை முயற்சி அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் அந்தப் பிரிவின் கீழ் தனியார் டாக்டருக்குக் கட்டாயம் இல்லை. அரசு மருத்துவமனையில் சந்தேகத்துக்குரிய எல்லா விஷ கேஸையும் பதிவு செய்து ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

என்னைக் கேட்டால், தனியாரும் எல்லாவற்றையும் எம்எல்சி-யாகவே, அதாவது போலீசுக்குத் தகவல் போக வேண்டிய மருத்துவ-சட்ட கேஸாகவே, பதிவது நல்லது. தானே குடித்ததா, தெரியாமல் குடித்ததா, யாராவது கொடுத்ததா என்று நடுராத்திரியில் உங்களால் முடிவுசெய்ய முடியுமா? நோயாளி இறந்துவிட்டால் கேள்விக்கே இடமில்லை. இறப்புச் சான்றிதழ் தரக் கூடாது, போலீசுக்குச் சொல்ல வேண்டும். அப்புறம் நடக்கும் விசாரணை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ம் பிரிவின்படி. இறந்தவர் திருமணமாகி 7 ஆண்டுக்குள் உள்ள பெண் என்றால் அது இன்னும் கடுமையாக இருக்கும்.

வீட்டார் சொல்லும் பொய் தனிக் கதை. "கேஸ் ஆயிடும்" என்ற பயத்தில் பூச்சிமருந்தை ஃபுட் பாய்சன் ஆக்கிவிடுவார்கள். இழப்பு நோயாளிக்குத்தான், ஏனென்றால் மாற்று மருந்து விஷத்துக்கு விஷம் வேறு. தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு புதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை மிரட்டிப் பணியவைக்கச் செய்யும் முயற்சி மட்டும் இன்னும் குற்றம். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைக் கவனித்துக்கொள்வது அரசின் கடமை என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு. இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள், பாட்டிலே வீட்டிலிருந்து வந்துவிடும். எந்த மருந்து என்று அப்போதும் தெரியாவிட்டால் டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தைக் கேட்கலாம்.

அடுத்தது மாதிரிகள். முதல் வாந்தி, முதலில் வெற்று நீரால் வயிற்றைக் கழுவி எடுத்த திரவம், சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தம், சிறுநீர் இவற்றைச் சுத்தமான பாட்டிலில் தனித்தனியாக வைத்து, பெயர், தேதி, நேரம் எழுதி, சீல் வைத்து ரசீது வாங்கிக்கொண்டு போலீசிடம் கொடுக்க வேண்டும். ரத்தத்துக்கு சோடியம் ஃப்ளோரைடு போட்ட குழாய் வேண்டும். வாந்தியை வார்டு ஊழியர் கழுவி ஊற்றிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. நாளைக்கு நீங்களே தடயத்தை அழித்தீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். ஆனால் தடயம் வேண்டும் என்பதற்காக அமிலம், காரம், மண்ணெண்ணெய் குடித்தவருக்கு டியூப் போட்டு வயிற்றைக் கழுவக் கூடாது. உயிர்தான் பெரிது.

கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கொடுக்கப்படும் கேஸ்தான் பொது டாக்டருக்குப் பெரிய சோதனை. ஆர்சனிக் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வரும், காலரா போலவே தெரியும். மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வருகிறது, வீட்டை விட்டு வெளியே இருந்தால் குறைகிறது, ஒருவர் கையால் சாப்பிட்ட பிறகு அதிகமாகிறது என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சந்தேகத்தை வெளியே சொல்லிவிடாதீர்கள். தவறாகப் போனால் ஒரு குடும்பம் நாசம், சரியாக இருந்தால் செய்தவர் உஷாராகிவிடுவார். மருத்துவமனையில் சேர்த்து, வெளிச்சாப்பாட்டை நிறுத்தி, சிறுநீரை ஆய்வுக்கு அனுப்பி, ஒரு சீனியரிடம் கலந்து பேசுங்கள். உறுதியானதும் போலீஸ்.

நோயாளி பிழைப்பது கடினம் என்று தோன்றினால் மாஜிஸ்திரேட்டை வரவழைத்து மரண வாக்குமூலம் வாங்க ஏற்பாடு செய்ய வேண்டும். நேரமில்லையென்றால் டாக்டரே பதியலாம், சாட்சிகள் முன்னிலையில், அவர் சொன்ன சொற்களிலேயே. "மாமியார்தானே கொடுத்தாங்க?" என்பது போல எடுத்துக்கொடுக்கும் கேள்வி கூடாது. அவர் தெளிவான மனநிலையில் இருந்தாரா என்பதையும் குறித்துவையுங்கள்.

பிரேதப் பரிசோதனையில் விசராவை, அதாவது ஆய்வுக்காக எடுக்கும் உள்ளுறுப்புகளை, பொதுவாக உப்பின் பூரிதக் கரைசலில் வைப்பார்கள். அமிலம் குடித்தவர் விசராவுக்கு இது ஆகாது. ஃபார்மலின் எந்த விசராவுக்கும் கூடாது, ஆய்வே கெட்டுவிடும். இறுதிக் கருத்தை ஆய்வு அறிக்கை வரும்வரை நிறுத்திவைக்கலாம். அறிக்கையில் "விஷம் இல்லை" என்று வந்தாலும் விஷமே இல்லை என்று அர்த்தமில்லை. வாந்தியில் வெளியேறியிருக்கலாம், சிகிச்சையில் போயிருக்கலாம், உடலிலேயே சிதைந்திருக்கலாம். விஷக் கொலை வழக்கில் கொல்வதற்கான காரணம், விஷத்தால்தான் சாவு, குற்றவாளியிடம் விஷம் இருந்தது, கொடுக்க வாய்ப்பு இருந்தது என்ற நான்கையும் பார்க்க வேண்டும் என்று 1984-ல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆய்வகம் கைவிட்டுவிட்டால் இரண்டாவதற்குப் பெரும்பாலும் மிஞ்சுவது, கண்மணி சுருங்கியிருந்ததா, வாயில் எச்சில் வடிந்ததா, என்ன வாசனை வந்தது என்று நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதிய அந்த நான்கு வரிதான்.