பதினாறு எண்ணிக்கை, ஐந்து தட்டு

ஒரு சாண் நீளத்தில் இரண்டு மரக்குச்சிகள். கியூபாவில் இவற்றுக்குப் பெயர் க்ளாவே. ஹவானாவில் கப்பல் கட்டப் பயன்பட்ட மர ஆணிகள்தான் இப்படி வாத்தியமாயின என்று சொன்னவர் பெர்னாண்டோ ஓர்டிஸ், ஆப்பிரிக்க-கியூபப் பண்பாட்டை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர்.

குச்சியை இறுக்கிப் பிடித்துத் தட்டினால் செத்த சத்தம்தான் வரும். விரல் நுனிகளில் லேசாக ஏந்தி, அடியில் உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவிக்க வேண்டும். கைக்குழியில் உள்ள காற்றும் சேர்ந்து அதிரும்போது ஒலி கணீரென்று எழும். மேளங்களின் சுருதியைவிட அது வெகு உயரம் என்பதால் எத்தனை மேளம் முழங்கினாலும் தனியாகக் கேட்கும்.

இப்போது ஒரே சீராகப் பதினாறு வரை எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 வரும்போது மட்டும் கை தட்டுங்கள். நிறுத்தாமல் மறுபடி 1. இது ‘சோன்’ என்ற கியூப இசையின் க்ளாவே; குச்சிகளின் பெயர்தான் இந்தத் தட்டு வரிசைக்கும். மூன்றாவது தட்டை 7-லிருந்து 8-க்குத் தள்ளினால், இன்னொரு கியூப இசையான ரும்பாவின் க்ளாவே. தள்ளியது ஒரே ஓர் எண்தான், ஆனால் நடையே மாறிவிடும். தட்டிப் பார்த்தால்தான் புரியும்.

சூட்சுமம் இடைவெளியில் இருக்கிறது. சோன் க்ளாவேயில் அது 3, 3, 4, 2, 4. நான்கு எண்ணுக்கு ஒரு தட்டு என்று சமமாகப் போனால், நடுவில் வந்து சேருபவருக்கு எது முதல் தட்டு என்றே தெரியாது. இங்கே 2 ஒரே ஒரு முறைதான் வருகிறது. அது காதில் விழுந்தால் போதும், 13-இல் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். பதினாறையும் கடிகாரம்போல் வட்டமாக எழுதிப் பாருங்கள்: தட்டு விழும் எந்த எண்ணுக்கும் நேரெதிரில் தட்டு கிடையாது. முன்பாதியில் மூன்று, பின்பாதியில் இரண்டு. பாடகர் பாதி மாறி நுழைந்தால், சுரம் சரியாக இருந்தும் பாட்டு இடறும். ‘க்ருசாதோ’, அதாவது குறுக்கே போய்விட்டது என்பார்கள் வாசிப்பவர்கள்.

சாந்தேரியா என்ற ஆப்பிரிக்க-கியூப மதத்தின் சடங்குகளில் ஒரிஷா தெய்வங்களுக்கு பாத்தா மேளம் வாசிக்கும்போது குச்சியே இருக்காது. கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். சுரைக்குடுக்கைகளோடு நடக்கும் சடங்கில் மண்வெட்டித் தகட்டை இரும்பால் தட்டுவதுண்டு. அதில் பன்னிரண்டு எண்ணிக்கைக்குள் 1, 3, 5, 6, 8, 10, 12 என ஏழு தட்டு விழும் நடை ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மணியில் கேட்பதுதான். 5-ஐயும் 12-ஐயும் விட்டுவிட்டுத் தட்டுங்கள். எஞ்சும் ஐந்து தட்டில் ரும்பா க்ளாவே கேட்கும். 1886 வரை அடிமைமுறை நீடித்த தீவில், கரும்புத் தோட்டத்து மண்வெட்டி அப்படித்தான் மணியானது.