பப்ஸ் படம் போட்டு வந்த உணவுக் குறிப்பேடு

சர்க்கரைக்காக என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருபவர்களை ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். வரும் நோட்டுகளில் முக்கால்வாசி ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கும். காலையில் மூன்று இட்லி. மதியம் ஒரு கப் சோறு, பொரியல், மோர். இரவு இரண்டு சப்பாத்தி. நடுவில் "டீ, சர்க்கரை இல்லாமல்". ஏழு நாளும் இதேதான். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி ஒன்பதைத் தாண்டி நிற்கும்.

மருந்து போதாமல் இருக்கலாம், மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் இருக்கலாம். ஆனால் நோட்டில் வராத சாப்பாடு என்று ஒன்று எப்போதும் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. யாரை எழுதச் சொன்னாலும், உண்மையில் சாப்பிட்டதைவிடக் குறைவாகத்தான் எழுதுவார்கள். உடல் செலவழிக்கும் ஆற்றலைத் தனியாக அளந்து, எழுதிய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அதிலும் முதலில் விட்டுப்போவது வேளைச் சாப்பாடு இல்லை, இடைத் தீனிதான்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இந்த இடைத் தீனிக்கு ஒரு முகவரி உண்டு: பேக்கரி. வெளியூர்க்காரர்களுக்கு பேக்கரி என்றால் கேக் வாங்கிக்கொண்டு போகும் கடை. இங்கே அது டீக்கடை, பேப்பர் படிக்கும் இடம், நிலத் தரகு பேசும் இடம், கல்யாணத்துக்கு ஜாதகம் கைமாறும் இடம். "வாங்க, பேக்கரிக்குப் போலாம்" என்றால் பேசிவிட்டு வரலாம் என்றுதான் பொருள். பேசப் போனதை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவார்களா? அதனால்தான் காலை 11 மணி பப்ஸும் மாலைத் தேங்காய் பன்னும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

ஒருவர் நோட்டில் மட்டும் ஏறியது. அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். அறுபதை ஒட்டிய வயது. மில் ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கோடு போடாத நோட்டு ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளே எழுத்தே இல்லை, எல்லாம் படம்.

"எழுதச் சொன்னீங்க மேடம். எழுதறதுன்னாலே எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துருதுங்க. அதான் வரைஞ்சுட்டேன். கோழி கிளறுன மாதிரி இருக்கும், கோவிச்சுக்காதீங்க."

கோழி கிளறியதுதான். டீ கிளாஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பன் எது, வடை எது என்று அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பேரனின் கிரேயான் டப்பாவில் பழுப்பு தீர்ந்துவிட்டதால் பாதிப் பக்கங்களில் ரஸ்க் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் மணி போட்டிருந்தார். கணக்கர் இல்லையா! சின்ன வயதில் படம் வரைய ஆசைப்பட்டாராம், நாற்பது வருடம் பேரேட்டிலேயே போய்விட்டதாம். இப்போது பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, தட்டில் வந்ததை வரைந்துவிட்டுச் சாப்பிடுகிறார்.

படம் சரியாக வரவில்லை என்று வருத்தப்பட்டு, பப்ஸையே நோட்டின் மேல் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்திருந்தார் ஒரு பக்கத்தில். முக்கோணம் கச்சிதமாக வந்திருந்தது. கூடவே எண்ணெயும் இறங்கியிருந்தது. கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலத்துக்குக் காகிதம் கண்ணாடிபோல் ஆகி, அடுத்த பக்கத்தில் வரைந்த பிஸ்கட் இந்தப் பக்கத்திலேயே தெரிந்தது. மூன்றாவது தாளிலும் வட்டம் லேசாக இருந்தது. பப்ஸில் கொழுப்பு அதிகம் என்று எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். இதைப்போல எதுவும் எடுபட்டதில்லை. "இதைக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நேராப் பிடிங்க சார்" என்றேன். பிடித்துப் பார்த்தார். "அட, தாள் முழுக்க இறங்கிருச்சுங்களே" என்றார்.

இறங்கத்தான் செய்யும். பப்ஸின் அடுக்கு அடுக்கான மொறுமொறுப்பே கொழுப்பால் வருவது. மைதா மாவை விரித்து, நடுவில் கெட்டியான கொழுப்பைப் பூசி, மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடிப்பார்கள். அடுப்பின் சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகிக் கிளம்பும்போது, இடையிலிருக்கும் கொழுப்பு அடுக்குகளை ஒட்டவிடாமல் பிரித்துவைக்கும். மாவின் எடையில் பாதி அளவுக்குக் கொழுப்பு உள்ளே போவது சாதாரணம். உள்ளே காய்கறி மசாலா இருப்பதால் "வெஜ் பப்ஸ்தானே" என்று மனம் சமாதானம் சொல்லும். அந்த மசாலா இரண்டு ஸ்பூன் தேறினால் அதிகம், அதிலும் பாதி உருளைக்கிழங்கு.

கொழுப்பின் அளவைப்போல அது என்ன கொழுப்பு என்பதும் முக்கியம். எல்லாக் கடையிலும் வெண்ணெய் கட்டுப்படியாகாது. பேக்கரி மார்கரினோ வனஸ்பதியோதான் பெரும்பாலும். எண்ணெயைக் கெட்டியாக்கும் வேலையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்ல கொலஸ்ட்ராலை இறக்கும். சர்க்கரை உள்ளவருக்கு ஏற்கெனவே இதய நோய் ஆபத்து கூடுதல், அதன் மேல் இது வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் இதன் உச்ச வரம்பை 2021 ஜனவரியில் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியில் 2 சதவீதமாகவும் குறைத்தது. நல்ல விதி. பாக்கெட்டில் வருவதென்றால் லேபிளைப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைக்கும் பப்ஸுக்கு ஏது லேபிள்? கடைக்காரரிடம் "என்ன கொழுப்பு போடறீங்க?" என்று கேட்டுப் பார்க்கலாம். எங்கள் பக்கம் அப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்ன, வாடிக்கையாளரைக் கொஞ்சம் வினோதமாகப் பார்ப்பார்கள்.

விரலில் குத்தி வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரை மட்டும் நம்புபவர்களுக்கும் பப்ஸ் ஒரு கண்ணாமூச்சி காட்டும். கொழுப்பு அதிகமுள்ள உணவு வயிற்றிலிருந்து மெதுவாக இறங்கும், சர்க்கரையும் தாமதமாக ஏறும். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் எண் நன்றாக இருக்கும். "பாத்தீங்களா, பப்ஸ் எனக்கு ஒண்ணும் பண்றதில்ல" என்று ஜெயித்த முகத்தோடு வருவார்கள். சந்தேகம் இருந்தால் நான்காவது மணி நேரத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.

அடுத்து ரஸ்க். காய்ச்சலில் படுத்தவருக்குக் கொடுப்பதால் இது ஏதோ மருந்து வகை என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. இனிப்புச் சேர்த்த பிரெட்டைத் துண்டு போட்டு இரண்டாம் முறை சுட்டு, ஈரத்தை எடுத்தால் ரஸ்க். ஈரம் போனதால் எடை குறையும், மாவும் சர்க்கரையும் அப்படியே இருக்கும். சாதாரண பிரெட் 100 கிராமில் 250 கலோரி அளவில் இருந்தால், ரஸ்க் 100 கிராமில் 400-ஐத் தாண்டும். கையில் லேசாக இருப்பதால், டீயில் நனைத்துக்கொண்டே நான்கைந்து உள்ளே போவது தெரியாது. நம்மவர் நோட்டில் ஆரஞ்சு ரஸ்க்குகள் எப்போதும் கூட்டமாகத்தான் இருந்தன.

தேங்காய் பன்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மைதாவுக்குள் தேங்காயும் சர்க்கரையும், பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த டூட்டி ஃப்ரூட்டியும். ஹனி கேக்கில் தேன் பெயரளவுக்கு, ஊறியிருப்பது பெரும்பாலும் பாகு. கோதுமை பிரெட் என்று வாங்குபவர்கள் லேபிளில் எது முதலில் இருக்கிறது என்று பாருங்கள். எடையில் அதிகமானதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதலில் மைதா இருந்தால், பழுப்பு நிறம் சாயத்திலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.

டீயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு நாளைய ஆற்றலில் சேர்த்த சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். பேக்கரியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடித்தால் 16 முதல் 20 கிராம் அங்கேயே முடிந்துவிடும். இந்த 25 கிராம் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது, சர்க்கரை உள்ளவருக்கான சலுகை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படங்களில் ஒரு குறை இருந்தது, அளவு தெரியவில்லை. ஒரு பக்கத்தில் பன் நோட்டை நிறைத்திருந்தது, அடுத்த பக்கத்தில் அதே பன் பொத்தான் அளவு. அதனால் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, பன்னுக்கு நாணயம் எவ்வளவு என்று பார்த்து அதையும் ஒரு வட்டமாகப் போடச் சொன்னேன். அந்த நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். அப்புறம் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. செல்போனில் போட்டோ எடுத்தாலும் இதே உதவி கிடைக்கும், நாணயத்தையும் சேர்த்து எடுங்கள். ஒரே வித்தியாசம், போட்டோ எடுக்க ஒரு நொடி போதும், வரையப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் பசியின் வேகம் கொஞ்சம் தணியும். டிவியோ போனோ பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அளவு கூடிப்போகும் என்பது நன்கு தெரிந்தது, இங்கே கண் தட்டின் மேலேயே இருக்கிறது. மறுபக்கமும் உண்டு: வாசனையோடு சூடான பப்ஸை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் சிலருக்கு ஆசை அதிகமாகும். எல்லோருக்கும் பொருந்தும் வைத்தியம் என்று இதைச் சொல்ல மாட்டேன்.

கேக்கையே வரைந்து உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் வெய்ன் தீபோ. 1963-இல் வரிசையாக கேக்குகளை வைத்து அவர் தீட்டிய பெரிய ஓவியம் வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. சாயத்தைக் கேக்கின் மேல் கிரீம் தடவுவதுபோலவே தடித்துத் தடவுவார். 1920-இல் பிறந்து 2021 வரை, 101 வயது வாழ்ந்தார். பேரன் அதைப் போனில் காட்டினானாம். நம்மவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வரைஞ்சதையெல்லாம் அவரு சாப்பிட்டாருங்களா மேடம்?"

நடுவில் ஒரு முறை நோட்டில் வெறும் இட்லியாக வந்தது. வட்டம் வட்டமாக, பக்கத்துக்கு மூன்று. என்னவென்று விசாரித்தால், வீட்டம்மா பழைய நோட்டைப் பார்த்துவிட்டார். "டாக்டருக்குக் காட்டற நோட்டுல இத்தன பன்னா? வெட்கமா இல்ல?" என்று ஒரு பஞ்சாயத்து. மருமகள் பேக்கரிக்காரருக்கே போன் செய்து, மாமாவுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். நம்மவர் அடுத்த தெரு பேக்கரிக்குப் போக ஆரம்பித்து, வீட்டுக்கு என்று தனி நோட்டு போட்டுவிட்டார். இரட்டைக் கணக்கு எழுதத் தெரியாதவரா என்ன!

குடும்பத்தாருக்கு நான் சொல்ல வருவது இதுதான். அக்கறையில்தான் செய்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் குறிப்பேட்டைக் குற்றப்பத்திரிகையாக வாசித்தால் அன்றிலிருந்து அதில் உண்மை வராது. உண்மை வராத நோட்டை வைத்து நான் உணவையும் மாற்ற முடியாது, மருத்துவர் மருந்தளவையும் சரியாகத் தீர்மானிக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. அத்தனை பேரையும் ஆயுளுக்கும் பேக்கரிப் பக்கம் போகாமல் யாராலும் காவல் காக்க முடியாது.

அந்த வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவானது: பேக்கரிக்குத் தினமும் போகலாம், நண்பர்களை விட வேண்டாம். டீ சர்க்கரை இல்லாமல். வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒன்று, அதுவும் நண்பரோடு பாதி. மற்ற நாளில் கையில் கொண்டுபோகும் வறுத்த கடலையோ சுண்டலோ. சாப்பிட்டபின் வீட்டுக்கு வண்டியில் வராமல் நடந்து வருவது. சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிட நடை சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும். மருத்துவர் மாத்திரையும் மாற்றினார். எச்பிஏ1சி இப்போது ஏழரைப் பக்கம் வந்திருக்கிறது. அதில் மாத்திரைக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். பன் சாப்பிட்டாயிற்றே என்று மதியச் சாப்பாட்டை விடாதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் வேளை தவறினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். அப்படி இறங்கி, கை நடுங்கி வியர்த்தால், பக்கத்தில் பேக்கரி இருக்கிறதே என்று கேக்கையோ கிரீம் பன்னையோ தேடாதீர்கள். பப்ஸைப் பற்றிச் சொன்ன அதே காரணம்தான், கொழுப்பு சர்க்கரையை ரத்தத்தில் சேரவிடாமல் தாமதப்படுத்தும். மீட்டரில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரையோ, மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று, சாப்பாட்டை எழுதுவதோ வரைவதோ எல்லோருக்கும் நல்லதில்லை. அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பவர்கள், எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடப்பவர்கள், குறிப்பாக வளரும் பிள்ளைகள், இந்தப் பழக்கத்தால் இன்னும் மோசமாகலாம். அவர்களுக்கு முதலில் மனநல மருத்துவர் வேண்டும், நோட்டு அல்ல.

மற்றவர்கள் அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது எழுத்தோ படமோ போட்டோவோ, எது கைக்கு வருகிறதோ அதைக் கொண்டுவாருங்கள். மணி போட்டிருக்கட்டும். மாத்திரை அட்டையையும் குளுக்கோமீட்டரையும் கூடவே எடுத்து வாருங்கள், ரீடிங்கைத் தாளில் எழுதி வந்தால் போதாது, மீட்டரே வேண்டும்.