அலிட்டரேஷன்: அடுக்குமொழி அல்ல, மோனை

ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களை நீளமாகக் கோத்துச் சொல்லும் உத்திக்கு அலிட்டரேஷன் என்று பெயர். 'பீட்டர் பைப்பர் பிக்ட் எ பெக் ஆஃப் பிக்கிள்ட் பெப்பர்ஸ்' என்று பள்ளிப் பிள்ளைகள் நாக்குப் பிறழச் சொல்லிப் பழகுவது இதற்குப் பலரும் அறிந்த சான்று. இதைத் தமிழில் 'அடுக்குமொழி' என்று சொல்லும் வழக்கம் பட்டிமன்ற மேடைகளில் நெடுநாளாக இருக்கிறது. இப்போது நாகர்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆங்கிலக் குறிப்பேட்டிலும் 'அலிட்டரேஷன் – அடுக்குத்தொடர்' என்று அச்சாகி வந்துவிட்டது. மேடைப் பேச்சு காற்றோடு போய்விடும். பிள்ளை மனப்பாடம் செய்தது போகாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் 'லிட்டெரா' என்றால் எழுத்து. அதிலிருந்து 'அல்லிட்டெராசியோ' என்ற சொல்லை ஆக்கியவர் 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் பொன்டானோ. ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. பெயரில் எழுத்து இருந்தாலும் உத்தி முழுக்க ஒலியைச் சேர்ந்தது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' ஆங்கிலத்தில் கே எழுத்தில் தொடங்கும். காதுக்கோ 'ந' என்னும் நகரம்தான் கேட்கும். ஆகவே 'கிங்', 'நைஃப்' என்று அடுத்தடுத்து வைத்தால் எழுத்து ஒத்துப்போகும், ஆனால் அலிட்டரேஷன் ஆகாது.

இனி அடுக்குத்தொடர் என்ன என்று பார்ப்போம். ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருவது அடுக்குத்தொடர். 'பாம்பு பாம்பு', 'வருக வருக', 'தீ தீ தீ' போன்றவை. இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கலாம் என்று நன்னூல் எல்லையே வகுத்திருக்கிறது. அச்சம், விரைவு, மகிழ்ச்சி போன்ற உணர்ச்சி மிகும்போது சொல் இப்படி இரட்டிக்கும். அலிட்டரேஷனில் சொல் திரும்புவதில்லை. வேறு வேறு சொற்கள், தொடக்க ஒலி மட்டும் ஒன்று. இரண்டுக்கும் ஒரு பெயரைக் கொடுத்தால், அடுக்குத்தொடர் எது என்று ஏழாம் வகுப்பில் கேட்கும்போது பிள்ளை என்ன விடை எழுதும்?

'அடுக்குத்தொடர் தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள், அடுக்குமொழியில் என்ன தவறு?' என்று கேட்பவர்கள் உண்டு. அடுக்குமொழி நல்ல சொல்தான். ஒத்த அமைப்புள்ள தொடர்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போகும் பேச்சு நடைக்கு அது பொருந்தும். அண்ணாவின் நடையை அந்தப் பெயரால் குறிப்பதும் அதனால்தான். ஆனால் அடுக்கு வேறு, ஒலி வேறு. தொடக்க ஒலி ஒன்றாமலே பத்துத் தொடர்களை அடுக்கிவிடலாம். அண்ணாவின் 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' நெஞ்சில் நிற்கிறது என்றால், மூன்றை அடுக்கியதோடு, மூன்றிலும் ககரம் முன்னால் நிற்பதும் காரணம். அந்த ககரத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அடுக்குமொழி அந்தப் பெயரைத் தருவதில்லை.

பெயர் நம்மிடம் தொல்காப்பியக் காலம் முதல் இருக்கிறது. 'அடிதொறும் தலையெழுத்து ஒப்பது மோனை' என்று தொல்காப்பியத்தின் செய்யுளியல் இலக்கணம் சொல்லிவிட்டது. அந்த நூலின் பாயிரம், அது அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்கிறது. எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோடே அந்த ஊர் என்பது இங்குள்ளவர்கள் உறுதியாக நம்புவது. அந்த மண்ணில் படிக்கும் பிள்ளைக்கு மோனை என்ற சொல் போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடிகளுக்கு இடையே மட்டுமல்லாமல் ஓரடிக்குள் சீர்களுக்கு இடையிலும் மோனை வரும். நான்கு சீரிலும் வந்தால் முற்று மோனை: 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்'. முதல் சீரிலும் நான்காம் சீரிலும் மட்டும் வந்தால் ஒரூஉ மோனை: 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி'. இங்கே அகரமும் ஆகாரமும் எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். மோனையில் அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்யிலும் சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் துணை நிற்கும்.

இலக்கணம் என்றதும் தள்ளிப் போக வேண்டாம். தேரூரில் பிறந்த கவிமணி குழந்தைகளுக்கு எழுதிய பாட்டைச் சொல்லிப் பாருங்கள்: 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு – அங்கே துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி'. தோவுக்குத் து. 'அங்கே' தனிச்சொல்லாக ஒதுங்கி நிற்க, இரண்டாம் அடி மோனையோடு துள்ளி எழுகிறது. மூன்று வயதுக் குழந்தை ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்கிறதே, அது இந்த ஒலியின் வேலை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு, கூழானாலும் குளித்துக் குடி' என்ற பழமொழியையும் காதுதான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஒரு மறுப்பு நியாயமானது. அதற்கு விடை சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் மெய்யொலி ஒன்றினால் போதும், உயிர் எதுவானாலும் சரி. தமிழ் மோனை உயிரையும் பார்க்கிறதே? எங்கள் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். குளச்சல், குழித்துறை, குலசேகரம், கோட்டாறு: மெய்யும் ஒன்று, உயிரும் ஓரினம், தூய மோனை. தக்கலை, திருவட்டாறு, தோவாளை, தேங்காய்ப்பட்டினம்: தகரம் ஒன்று, உயிர்கள் வேறு வேறு. ஆங்கிலத்தின் கணக்கில் இதுவும் அலிட்டரேஷன். தமிழில் இதற்கும் பெயர் உண்டு, வருக்க மோனை. ஒரே மெய்யின் வருக்கத்தில் உள்ள எந்த எழுத்து வந்தாலும் அது வருக்க மோனை. யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகை இதை இடம் கொடுத்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே பொதுவாக மோனை என்றும், நுட்பமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் வருக்க மோனை என்றும் எழுதலாம். புதுச்சொல் ஆக்கும் வேலையே இல்லை.

குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் மலையாளப் பள்ளியில் படித்த பெரியவர்கள் 'பிராசம்' என்பார்கள். பிராசம் என்றால் முதலெழுத்தும் ஆகலாம், இரண்டாம் எழுத்தும் ஆகலாம், ஈற்றெழுத்தும் ஆகலாம். அதனால் மலையாளத்தில் 'ஆத்யாக்ஷரப்பிராசம்' என்று நீட்ட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள நடைக்கு 14ஆம் நூற்றாண்டில் எழுந்த இலக்கணமான லீலாதிலகம், பாட்டுக்கு எதுகையும் மோனையும் வேண்டும் என்று இதே சொற்களைத்தான் ஆள்கிறது. அவர்கள் வீட்டிலும் இருந்த சொல் இது.

இன்னொரு குழப்பம் 'எதுகை மோனை' என்ற இரட்டை. யாராவது சற்று அழகாகப் பேசிவிட்டால் 'எதுகை மோனையோடு பேசினார்' என்று எழுதிவிடுகிறார்கள். எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. 'அகர', 'பகவன்' இரண்டிலும் ககரம் நிற்கிறதே, அது. ஆங்கிலத்தின் 'ரைம்' பெரும்பாலும் அடியின் கடைசியில் வருவது. அதற்கு நெருங்கியது இயைபு. மூன்றும் மூன்று இடம். தொலைக்காட்சியில் மூன்றையும் 'ரைமிங்' என்று முடித்துவிடுகிறார்கள்.

பெயர் மறந்தால் பொருளும் மறந்துபோகும் என்பதை மொழிபெயர்ப்பில் தெளிவாகப் பார்க்கிறேன். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஸ்பைரோ அக்னியூ, 1970இல் சான் டியாகோவில் தம் அரசைக் குறைகூறுவோரை 'நாட்டரிங் நேபாப்ஸ் ஆஃப் நெகட்டிவிசம்' என்று சாடினார். எழுதிக் கொடுத்தவர் வில்லியம் சஃபையர். இதை 'எதிர்மறைவாதத்தின் பிதற்றும் நவாபுகள்' என்று பெயர்த்தால் அகராதிப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொடர் இத்தனை ஆண்டு நினைவில் நின்றதற்குக் காரணமான நகரம் சிதறிப் போயிற்று. இது மோனை என்று தெரிந்தவர் அப்படி விட்டிருக்க மாட்டார். நேபாப் என்பது நம் நவாப் ஆங்கிலத்துக்குப் போய்த் திரிந்த உருவம்தானே. அதை வைத்தே தொடங்கலாம். 'நச்சரிக்கும் நம்பிக்கையற்ற நவாபுகள்' என்றால் பொருளும் பெரிதும் நிற்கிறது, மூன்று நகரமும் நிற்கின்றன.