சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர்களுக்கு: ஒரு ரிங்கிட்டில் தொடங்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தில் என் மாமாவைச் 'சோடாபுட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி அவ்வளவு தடிமன். பவர் மைனஸ் 6-ஐத் தாண்டினால் அது கடும் கிட்டப்பார்வை. விழி பின்பக்கமாக நீள, உள்ளே படிந்திருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிந்துவிடும். மெலிந்த இடம் கிழியலாம். கிழிசல் வழியே நீர் புகுந்தால் திரையே கழன்று வந்துவிடும். கண்ணாடி இல்லாமல் பார்க்கச் செய்யும் லேசர் சிகிச்சையான லேசிக் செய்துகொண்டாலும் இந்த ஆபத்து போகாது. லேசிக் கண்ணின் முன்பக்கத்தைத்தான் செதுக்குகிறது.

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் போதும் என்று இருக்காதீர்கள். ஐசியோடு (அடையாள அட்டை) கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட். பவரைச் சொல்லி, கண் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்தான். தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் தடவை 30 ரிங்கிட். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகாதீர்கள்.

திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், கரித்தூள் மிதந்தால், ஓரத்தில் திரை இறங்கினால் கடிதமெல்லாம் வேண்டாம். அன்றைக்கே அரசாங்க மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போங்கள், அதற்கும் 1 ரிங்கிட்தான். மாமா செம்பனைக் குலை ஏற்றும்போது தூசி விழுந்ததென்று நினைத்து மூன்று நாள் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். வெறும் கிழிசலாக இருந்தபோதே போயிருந்தால் லேசரில் முடிந்திருக்கும். அவர் போனபோது நடுப்பார்வை வரை திரை கழன்றிருந்தது.

அறுவை செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். அது கரையும்வரை விமானமும் கூடாது, கேமரன் மலையும் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணை அழுத்தும். வேலைச் சட்டப்படி மருத்துவமனை விடுப்பு வருடத்துக்கு 60 நாள் வரை, சம்பளத்தோடு. 2023 முதல் இது சாதாரண எம்.சி. (மருத்துவ விடுப்பு) நாட்களுக்கு மேல் தனிக்கணக்கு. தோட்டத்துக் கணக்கர் கிராணி இரண்டையும் ஒன்றாகக் கழித்தால் விடாதீர்கள்.

பார்வை திரும்பாவிட்டால்? தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் உண்டு. 60 வயது ஆகியிருக்கக்கூடாது, போதிய மாதங்கள் சந்தா கட்டியிருக்கவேண்டும், வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாதென்று மருத்துவ வாரியம் சொல்லவேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை சமூகநலத் துறையில். ஆனால் அங்கே அளப்பது நல்ல கண்ணை: கண்ணாடி போட்டும் பார்வை 6/18-க்குக் கீழே இருக்கவேண்டும் (மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பதுதான் 6/18). மாமாவின் இன்னொரு கண் கண்ணாடியோடு 6/9, அதனால் அட்டை கிடைக்காது.